சென்னை ஓப்பனும் அதன் உபயதாரர்களும்

எங்கள் ஆலங்குளம் வட்டாரத்தில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்தும் இளைஞர்கள் முதலில் செய்யும் வேலை நோட்டீஸ் அடிப்பது. சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் அச்சுக்குப் பஞ்சமில்லை. அந்த நோட்டீஸில் போட்டி விதிகள் இரண்டே வரிகளில் முடிந்துவிடும். மீதி இடம் முழுவதும் பெயர்கள்தாம். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை உபயம், வீரர்களுக்கு மதியச் சாப்பாடு உபயம், ஒலிபெருக்கி உபயம் என்று பட்டியல் நீளும். சிமெண்ட் ஆலையைச் சுற்றியும் பட்டாசுத் தொழிலிலும் வேலை ஒழுங்காக ஓடுகிற ஆண்டில் நோட்டீஸ் அகலமாக இருக்கும். தொழில் படுத்த ஆண்டில் நோட்டீஸும் சுருங்கும். முதலில் சாப்பாட்டு உபயம் காணாமற்போகும். அடுத்து இரண்டாம் பரிசு பாதியாகும். முதல் பரிசு மட்டும் எப்படியோ தப்பித்துக்கொள்ளும், ஏனெனில் அது ஒருவருடைய பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கி நிற்கிறது.

இந்த நோட்டீஸ்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்த நமக்கு, தொழில்முறை டென்னிஸின் பணக் கணக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை. 1997 முதல் 2017 வரை, 21 ஆண்டுகள் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த ஆடவர் டென்னிஸ் போட்டி எத்தனை பெயர்களைச் சூடியது, ஒவ்வொரு பெயரும் ஏன் வந்தது, ஏன் போனது என்று பார்த்தால், அதுவே இக்காலத்து இந்தியப் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடாக அமைந்துவிடுகிறது. அந்தக் குறிப்பேட்டைப் புரட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. புரப்போரும் புரக்கப்படுவோரும்

கலைஞனையும் வீரனையும் இன்னொருவர் பொருள் கொடுத்துக் காப்பது தமிழருக்குப் புதிதன்று. சங்கப் பாணர்கள் வள்ளல்களை நம்பி வாழ்ந்தார்கள். பரிசில் பெற்ற ஒருவர் பெறாத ஒருவரை வள்ளலிடம் வழிப்படுத்துவதற்கென்றே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை நம்மிடம் உண்டு. அதே இலக்கியம் வள்ளல் மறைந்தபின் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறது. பாரி வீழ்ந்தபின் கபிலர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த கதையை நாம் வகுப்பில் நடத்துகிறோம். ஒரே ஒரு மனிதனின் கொடையை நம்பிய வாழ்வு அவனோடு முடிந்துவிடும் என்பது அந்தக் கதைக்குள் இருக்கும் கசப்பான பொருளாதாரம்.

எங்கள் பக்கத்திலேயே இதற்குப் பிற்காலச் சான்று உண்டு. ராஜபாளையத்துக்குத் தெற்கேயுள்ள சேற்றூர் ஜமீன் கவிராயர்களைப் புரந்தது. சேற்றூர் சமஸ்தானப் புலவர்கள் என்றே அவர்கள் அறியப்பட்டார்கள். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது அந்த ஆதரவின் வேர் அறுந்தது. சட்டம் நியாயமானது, குடியானவனுக்கு நன்மை செய்தது. புலவனுக்கு மட்டும் அடுத்த வாசல் எது என்று அது சொல்லவில்லை.

கோயில் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தது. அதன் பெயர் மண்டகப்படி. திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தாருக்கோ, ஒரு குடும்பத்துக்கோ, ஒரு கடைத்தெருவுக்கோ உரியது. அன்றைய செலவு அவர்களுடையது; அன்றைய மரியாதையும் அவர்களுடையது. ஒரு வீட்டார் நொடித்துப்போனால் பங்காளிகள் கூடிச் சமாளிப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு நாள் விழா எளிமையாக நடக்கும். பத்து நாள் திருவிழாவும் நின்றுபோவதில்லை. சுமை பலர் தோளில் இருந்ததும், அது தலைமுறைக் கடமையாக இருந்ததும்தான் காரணங்கள்.

பாரியின் வழி, மண்டகப்படியின் வழி என்னும் இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு டென்னிஸுக்கு வருவோம்.

2. சிகரெட்டும் டென்னிஸும்

தென்காசிக் குடும்பத்தில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர். அவர் காலத்து டென்னிஸில் பெரும் போட்டிகள் அமெச்சூர்களுக்கே உரியவை. ஆடிப் பணம் பெற்றால் விம்பிள்டன் கதவு மூடிவிடும். தொழில்முறை ஆட்டத்தை நடத்திவந்த ஜாக் கிராமர் அழைத்தும் கிருஷ்ணன் அமெச்சூராகவே நீடித்தார். 1968-இல் அந்தத் தடை நீங்கியது. அமெச்சூர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் ஒரே களத்தில் ஆடலாம் என்ற நிலை வந்ததும், பரிசுப் பணத்தை யார் தருவது என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு முதலில் உரக்க விடை சொன்னவர்களில் சிகரெட் கம்பெனிகள் முக்கியமானவை. 1970 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள், ஆடவருக்குத் தரும் பரிசோடு ஒப்பிட்டால் தங்களுக்குத் தருவது மிகக் குறைவு என்று எதிர்த்து, ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி ஆடினார்கள். அதற்குப் பணம் தந்தது பிலிப் மாரிஸ் நிறுவனத்தின் வர்ஜினியா ஸ்லிம்ஸ் சிகரெட். பெண்கள் டென்னிஸின் தொழில்முறை வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1971 ஜனவரி 2 முதல் அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிகளில் சிகரெட் விளம்பரம் கூடாது என்ற சட்டம் 1970-இலேயே நிறைவேறிவிட்டது. விளம்பரத்துக்கென ஒதுக்கிய பெருந்தொகைக்கு ஒரு வாசல் அடைபட்டது. அது வேறு வாசல் தேடியது. டென்னிஸ் அப்போது கதவைத் திறந்து வைத்திருந்தது.

இதிலிருந்து ஒரு விதி தெரிகிறது. கம்பெனியின் ஆதரவு விளையாட்டின் மேலுள்ள பிரியத்தால் மட்டும் வருவதில்லை. விளம்பரச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக அது வருகிறது. அந்த வரி நீங்கினால் அதுவும் நீங்குகிறது. வள்ளலுக்கும் ஸ்பான்சருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தபோது அடுத்த காலாண்டுக் கணக்கைப் பார்த்திருக்க முடியாது.

3. கோல்டு ஃப்ளேக் முதல் டாடா வரை

1991-க்குப் பிறகு இந்தியச் சந்தை திறந்தபோது, நடுத்தர வர்க்கத்தைச் சென்றடைய நிறுவனங்கள் வழி தேடின. 1996-இல் ஆடவர் டென்னிஸ் சுற்றின் போட்டியொன்று புதுதில்லியில் தொடங்கியது. சுவீடனின் தாமஸ் என்க்விஸ்ட் வென்றார். அடுத்த ஆண்டே அது சென்னைக்கு வந்தது. தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக 1995-இல் கட்டப்பட்ட நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம் தயாராக இருந்தது. ஏறத்தாழ 5,800 பேர் அமரலாம்.

1997-இல் அதன் பெயர் கோல்டு ஃப்ளேக் ஓப்பன். ஐடிசி நிறுவனத்தின் சிகரெட். இந்தியாவில் வானொலி, தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்துக்கு இடமில்லாத காலம் அது. ஆட்டக்களத்தின் பின்சுவரில் எழுதிய பெயர் மட்டும் தொலைக்காட்சியில் தாராளமாகத் தெரிந்தது. ஆசியாவிலேயே அது ஒரு வழக்கம். ஹாங்காங்கிலும் பெய்ஜிங்கிலும் சேலம் என்ற சிகரெட்டின் பெயரில் டென்னிஸ் போட்டிகள் நடந்தன. நம் சேலத்துக்காரர்கள் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

சித்திரை வெயில் நெருங்கும் ஏப்ரலில் ஆடப்பட்ட அந்த முதல் சென்னைப் போட்டியில்தான் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் சேர்ந்து தங்கள் முதல் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். 1998-இல் பாட்ரிக் ராஃப்டர் வந்து ஒற்றையர் பட்டம் கொண்டுபோனார். சிகரெட் பணம் நல்ல ஆட்டத்தைக் கொண்டுவந்தது என்பதை மறுக்க முடியாது.

2001 பிப்ரவரியில் மத்திய அரசு, புகையிலை விளம்பரத்தையும் விளையாட்டுகளுக்குப் புகையிலை நிறுவனங்கள் தரும் ஆதரவையும் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. சட்டம் நிறைவேறியது 2003-இல். ஐடிசி அதுவரை காத்திருக்கவில்லை. விளையாட்டு ஆதரவிலிருந்து முன்னதாகவே விலகிக்கொண்டது. சென்னை டென்னிஸ் தன் முதல் புரவலரை இழந்தது. இங்கே பொருளாதாரச் சரிவு எதுவும் குற்றவாளியன்று. சில ஆண்டுகள் கழித்து அதே ஐடிசி பிஸ்கெட் பெயரோடு டென்னிஸுக்குத் திரும்பியதும் இங்கே நினைக்கத்தக்கது. கொல்கத்தாவில் 2005 முதல் 2007 வரை நடந்த மகளிர் போட்டியின் பெயர் சன்ஃபீஸ்ட் ஓப்பன்.

அதே 2001-இல் உலக டென்னிஸுக்கு வேறு விதமான அடி விழுந்தது. ஆடவர் டென்னிஸ் சங்கமான ஏடிபி, 1999-இல் ஐஎஸ்எல் என்னும் சுவிஸ் விளையாட்டு வணிக நிறுவனத்தோடு பத்தாண்டுகளுக்கு 120 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது. இணைய நிறுவனங்களின் பங்குகள் உச்சத்தில் இருந்த காலத்து மதிப்பீடு அது. இரண்டே ஆண்டுகளில் ஐஎஸ்எல் திவாலானது. ஏட்டில் எழுதிய தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு என்பதை ஏடிபி அப்போது கற்றது.

சென்னையில் 2002 முதல் 2004 வரை டாடா என்ற பெயர் இருந்தது. பாரடோர்ன் ஸ்ரீசபன் என்ற தாய்லாந்துக்காரரைச் சென்னை தன் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொண்ட காலம் அது. 2005-இல் டாடாவும் இல்லை. ஆழிப்பேரலை அடித்து ஒரு வாரமே கடந்த நிலையில் அவ்வாண்டின் போட்டி நடந்தது. வென்ற கார்லோஸ் மோயா தம் பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார்.

4. பெயரில்லாத ஐந்து ஆண்டுகள்

2005 முதல் 2009 வரை இந்தப் போட்டிக்கு முகப்புப் பெயராக எந்த நிறுவனமும் இல்லை. வெறும் சென்னை ஓப்பன். பல நிறுவனங்கள் சிறு சிறு பங்காகச் சுமந்தன, அரங்கம் அரசுடையது. தற்செயலாகவோ வேறு வழியின்றியோ, அது மண்டகப்படி முறைக்கு நெருங்கி வந்திருந்தது. அந்த ஐந்தாண்டுக்குள்ளேதான் 2008-இன் உலகப் பெருஞ்சரிவும் வந்தது.

சரிவுக்கு முன்பிருந்த இந்தியாவை நினைவுகூர வேண்டும். 2003-இல் தொடங்கிய ஹைதராபாத் மகளிர் போட்டியில் 2005-ஆம் ஆண்டு சானியா மிர்சா பட்டம் வென்றார். கொல்கத்தாவில் சன்ஃபீஸ்ட் போட்டிக்கு 2006-இல் மார்ட்டினா ஹிங்கிஸ் வந்து வென்றார். மும்பையில் 2006-லும் 2007-லும் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பெயரில் ஆடவர் போட்டி நடந்தது. 2008 மார்ச்சில் பெங்களூருக்கு வில்லியம்ஸ் சகோதரியர் இருவரும் வந்தார்கள். 6 லட்சம் டாலர் பரிசுப் போட்டியில் செரீனா வென்றார். எட்டுத் திக்கும் டென்னிஸ் மேளம்.

2009 பிறந்தபோது இவற்றுள் ஒன்றும் இல்லை. ஹைதராபாத்தும் கொல்கத்தாவும் முன்பே ஓய்ந்திருந்தன. கிங்ஃபிஷர் போட்டி 2008-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டு, பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்தானது; பிறகு நடக்கவேயில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது விமான நிறுவனங்கள் எல்லாமே தள்ளாடின. தொடக்கம் முதலே லாபம் காணாத கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. பெங்களூர் மகளிர் போட்டியும் 2009-இல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் சரிவின் தலையில் ஏற்றுவது வரலாறாகாது. ஆனால் நாட்டில் எஞ்சி நின்ற உயர்நிலைப் போட்டி சென்னை ஒன்றே என்பது கண்கூடு. எவர் பெயரையும் சூடாத போட்டி பிழைத்துக்கொண்டது.

உலகிலும் இந்தக் காட்சியே வெவ்வேறு வேடத்தில் நடந்தது. 1927-இல் தொடங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டி, அந்தச் சில ஆண்டுகளில் கண்ட்ரிவைட் என்னும் வீட்டுக்கடன் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. தகுதியற்ற வீட்டுக்கடன்களால் அமெரிக்கா சரிந்தபோது நடுவில் நின்ற நிறுவனங்களில் அது ஒன்று. 2008-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா அதை விழுங்கியது. போட்டியின் முகப்பிலிருந்தும் அப்பெயர் போயிற்று. சில ஆண்டுகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் ஓடிய அப்போட்டி, 2012-க்குப் பிறகு கொலம்பியாவின் பொகோட்டா நகருக்கு விற்கப்பட்டது. இன்னொரு பக்கம், சரிவின் நடுவிலேயே துணிந்து வந்தவர்களும் உண்டு. 2009-இல் இந்தியன் வெல்ஸ் போட்டியைப் பிஎன்பி பரிபா வங்கி ஏற்றது. அதே ஆண்டு லண்டனில் தொடங்கிய ஆண்டிறுதிப் போட்டிக்கு பார்க்லேஸ் வங்கி பெயர் கொடுத்தது. பெரிய போட்டிக்குப் புதிய வாசல் திறந்துவிடுகிறது. சிறிய போட்டிதான் தெருவில் நிற்கிறது.

சிறிய போட்டியின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். பரிசுத் தொகை 4 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2008 ஜனவரியில் டாலர் ஏறத்தாழ 39 ரூபாய். பரிசுக்கு ஒரு கோடியே 56 லட்சம் போதும். 2009 ஜனவரியில் டாலர் 48 ரூபாயை ஒட்டி இருந்தது. அதே பரிசுக்கு ஒரு கோடியே 92 லட்சம் வேண்டும். ஸ்பான்சர் தருவது ரூபாய். ஆட்டக்காரர் பெறுவது டாலர். ஆகவே ஸ்பான்சர் ஒரு காசு குறைக்காவிட்டாலும் பள்ளம் விழுகிறது. பெரிய ஆட்டக்காரர் வந்து ஆடுவதற்கென்று தனியே வாங்கும் தொகையும் டாலரில்தான். 2008-இல் மோயாவோடு நான்கு மணி நேரத்தை நெருங்கிய அரையிறுதியை ஆடி வென்று, மறுநாள் மிகைல் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்ற நடால், 2009-இல் அதே வாரத்தில் தோஹாவில் ஆடினார். எண்ணெய் வளமுள்ள கத்தாரோடு சென்னை ஏலம் கேட்க இயலாது.

டிக்கெட் விற்றே நடத்த முடியாதா என்று கேட்கலாம். அரங்கின் 5,800 இருக்கைகளும் ஏழு நாளும் நிறைந்தால் 40,600 டிக்கெட். ஒரு பேச்சுக்குச் சராசரி 500 ரூபாய் என்றால் இரண்டு கோடியைச் சற்றே தாண்டும். பரிசுப் பணத்துக்கே அது சரியாகிவிடும். தொலைக்காட்சி ஒளிபரப்பு, விடுதி, பணியாளர், அரங்கப் பராமரிப்பு எல்லாம் மீதி. திங்கட்கிழமைக் காலையில் அரங்கம் எப்போதாவது நிறைந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஆகவே ஸ்பான்சர் என்பவர் இந்த விளையாட்டில் விருந்தாளி அல்லர், அடுப்பெரிப்பவரே அவர்தாம்.

அந்த 2009 ஜனவரியில் ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை சென்ற நாம், வந்த வேலையை முடித்துக்கொண்டு இறுதியாட்டத்துக்கு மேல்வரிசை டிக்கெட் ஒன்று வாங்கினோம். அந்த வாரத்தின் புதன்கிழமை, ஜனவரி 7 அன்றுதான், சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்குகளில் செய்த மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதியிருந்தார். ஆட்ட இடைவேளைகளில் சுற்றியிருந்தவர்களின் பேச்சு முழுவதும் வேலை போகுமா, கம்பெனி நிற்குமா என்பதைப் பற்றியே. களத்தில் தரவரிசையில் 200-க்கு வெளியே இருந்த, போட்டி நடத்துவோர் சிறப்பு அனுமதியில் சேர்த்துக்கொண்ட சோம்தேவ் தேவ்வர்மன், மோயாவையும் கார்லோவிச்சையும் வென்றுவிட்டு மாரின் சிலிச்சோடு ஆடிக்கொண்டிருந்தார். தோற்றார். எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தில், வேலையைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். உள்ளூரில் ஒரு போட்டி இருப்பதன் பொருள் அன்று நமக்கு விளங்கியது. அந்தச் சிறப்பு அனுமதியை வெளிநாட்டுப் போட்டி எதுவும் அவருக்குத் தந்திருக்கப்போவதில்லை.

5. சிக்னல் மறைந்த கதை

2010-இல் ஏர்செல் வந்தது. இந்தியாவில் செல்பேசி இல்லாத வீடு குறைந்துகொண்டிருந்த காலம். சிவசங்கரன் தொடங்கி, 2006-இல் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனத்தின் கைக்குப் போன ஏர்செல், தமிழகத்தில் வேரூன்றிய பெயர். கிரிக்கெட்டில் சென்னை அணியின் சட்டையிலும் இருந்தது. எட்டுப் போட்டிகள், 2010 முதல் 2017 வரை, ஏர்செல் சென்னை ஓப்பன் என்றே நடந்தன. வாவ்ரிங்கா நான்கு முறை வென்றார். மண்டகப்படியிலிருந்து நாம் மீண்டும் பாரியின் வழிக்குத் திரும்பியிருந்தோம்; பாரி செழிப்பாக இருந்ததால் எவருக்கும் அது உறுத்தவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ இலவச அழைப்புகளோடும் இலவச டேட்டாவோடும் சந்தைக்கு வந்தது. பழைய நிறுவனங்களின் வருமானம் சரிந்தது. இது நாடு முழுவதற்குமான பொருளாதாரச் சரிவன்று. மக்களுக்கு அது கொண்டாட்டம். ஒரு துறைக்கு மட்டும் பஞ்சம் வந்தது. சென்னை டென்னிஸின் பெயர் அந்தத் துறையிலிருந்து வந்திருந்தது. அதே செப்டம்பரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையப்போவதாக ஏர்செல் அறிவித்தது. 2017 அக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் தமிழகமெங்கும் ஏர்செல் சிக்னல் மறைந்து, எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் கடை வாசல்களில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். மாத இறுதியில் அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

2017 ஜனவரிப் போட்டிக்கு முந்தைய இரு மாதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம்; டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவின் மறைவு; டிசம்பர் 12 அன்று வர்தா புயல். அவ்வளவுக்கும் பிறகு போட்டி குறித்த நாளில் நடந்தது. பௌட்டிஸ்டா அகுட் வென்றார்; தோற்றவர் டேனியல் மெத்வதேவ் என்ற, அப்போது அதிகம் அறியப்படாத இளைஞர். அந்த இளைஞர் பின்னாளில் உலகின் முதலிடம் வரை சென்றார்.

2017 ஜூலையில் அறிவிப்பு வந்தது: போட்டி புனேக்குப் போகிறது. இதை ஏர்செல் வீழ்ச்சியின் நேர்விளைவு என்று எழுத நாம் துணியமாட்டோம். புரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. ஏடிபி சுற்றின் நாட்காட்டியில் ஒரு வாரம் என்பது ஓர் உரிமம். வாங்கவும் விற்கவும் இடம் மாற்றவும் கூடிய சொத்து. சென்னைப் போட்டியின் உரிமம் ஐஎம்ஜி என்னும் பன்னாட்டு விளையாட்டு வணிக நிறுவனத்துடையது. 2010-இல் ரிலையன்ஸோடு அது கூட்டுச் சேர்ந்தபின் ஐஎம்ஜி ரிலையன்ஸ் போட்டியை நடத்தியது. ஏர்செல்லைத் தள்ளாடவைத்த ஜியோவும் போட்டியை நடத்திய கூட்டு நிறுவனமும் ஒரே குழுமத்தோடு தொடர்புடையவை என்பது தற்செயலே. ஆனாலும் நம் காலத்துப் பொருளாதாரம் எவ்வளவு குறுகிய தெருவில் நடக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆற்றுப்படையில் வழிகாட்டும் பாணனுக்குப் பங்கு கிடையாது. இங்கே வழிகாட்டுபவரிடமே வீட்டுச் சாவி இருந்தது.

அரங்கம் தமிழக அரசுடையது. பார்வையாளர்கள் சென்னை மக்கள். பந்து பொறுக்கிய பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். போட்டி மட்டும் நம்முடையது அன்று. 21 ஆண்டுகள் நம் தெருவில் ஓடிய தேரின் அச்சாணி இன்னொருவர் பையில் இருந்ததை நாம் கடைசி நாளில்தான் கவனித்தோம்.

புனேயில் போட்டிக்கு என்ன பெயர் கிடைத்தது தெரியுமா? டாடா ஓப்பன் மகாராஷ்டிரா. 2004-இல் சென்னையிலிருந்து போன பெயர், 14 ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வந்து அமர்ந்தது. அங்கும் அது நிலைக்கவில்லை. பெருந்தொற்றால் 2021-இல் நடக்கவில்லை. 2023 ஜனவரியில் ஐந்தாவது முறையாக நடந்ததோடு முடிந்தது. 2024 முதல் ஆடவர் ஏடிபி சுற்றின் நாட்காட்டியில் இந்திய ஊர் எதுவும் இல்லாமற்போயிற்று.

6. யாருடைய நஷ்டம்?

வாவ்ரிங்காவுக்கு நஷ்டமில்லை, அவர் ஜனவரி முதல் வாரத்தில் ஆட வேறு ஊர் உண்டு. நஷ்டம் யாருடையது என்பதை 2023 செப்டம்பரில் சுமித் நாகல் வெளிப்படையாகச் சொன்னார். நாட்டின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்த அவருடைய வங்கிக் கணக்கில் அப்போது மிஞ்சியிருந்தது சுமார் 900 யூரோ. ஓராண்டு முழுவதும் நாடு நாடாகப் போய் ஆடப் பல லட்சம் ரூபாய் வேண்டும். பயிற்சியாளர், பயணம், விடுதி எல்லாம் ஆட்டக்காரரின் சொந்தச் செலவு. கிரிக்கெட்டில் இருப்பதுபோல் ஆண்டு ஒப்பந்தத் தொகை தரும் வாரியம் இங்கே இல்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அதே நுங்கம்பாக்கம் அரங்கில், ஏடிபி சுற்றுக்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டி நடந்தது. நாகல் அதை வென்றார். தரவரிசையில் முதன்முறையாக முதல் நூறுக்குள் நுழைந்தார். கடல் கடக்காமல், டாலரில் விடுதிக் கட்டணம் கொடுக்காமல், உள்ளூரில் ஆடிப் பெற்ற புள்ளிகள் அவை. பெரிய நட்சத்திரம் எவரும் வராத, சிறிய உபயங்களால் நடந்த போட்டி செய்த காரியம் இது.

சென்னையும் அதன்பின் சும்மா இருக்கவில்லை. விஜய் அமிர்தராஜ் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவராக இருந்த காலத்தில், மாநில அரசின் ஆதரவோடு 2022 செப்டம்பரில் மகளிர் சுற்றுப் போட்டி நுங்கம்பாக்கத்துக்கு வந்தது; செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா பதினேழு வயதில் பட்டம் வென்றார். 2025-இல் அது மீண்டும் நடந்தபோது இந்தோனேசியாவின் ஜேனிஸ் டிஜென் வென்றார். இரண்டுக்கும் நடுவே மூன்றாண்டு இடைவெளி. நிறுவனத்தின் நோட்டீஸில் காலாண்டு அறிக்கை எழுதியிருப்பதுபோல, அரசின் நோட்டீஸில் வேறு கணக்குகள் எழுதியிருக்கும்.

இத்தனையையும் புரட்டியபின் நாம் கண்டது இவ்வளவுதான். பொருளாதாரச் சரிவு நேராக வந்து ஒரு போட்டியைக் கொன்றதாகச் சென்னையின் கதையில் இல்லை. முதல் புரவலரை ஒரு சட்டம் கொண்டுபோயிற்று. கடைசிப் புரவலரை ஒரு துறையின் விலைப்போர் வீழ்த்தியது. உலகமே சரிந்த ஆண்டில், எந்த ஒருவரையும் முழுதாக நம்பாதிருந்த காரணத்தால் போட்டி தப்பித்தது. சுமை பலர் தோளில் இருந்தால் சரிவைத் தாங்கலாம். ஆனால் விழா நம்முடையதாக இருந்தால்தான் அது நம்மூரிலேயே நிற்கும். மண்டகப்படிக்காரர்கள் இவ்விரண்டையும் அறிந்திருந்தார்கள். சென்னை முதலாவதை ஐந்தாண்டுகள் செய்தது; இரண்டாவது அதன் கையில் ஒருபோதும் இருக்கவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு டியூப் லைட் உண்டு. வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு உபயதாரரின் பெயர் அதில் எழுதியிருக்கும். அவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயர் இன்னும் இருக்கிறது. குழல் எரிந்துபோகும்போதெல்லாம் தெருக்காரர்கள் ஆளுக்குப் பத்தோ இருபதோ போட்டு மாற்றிவிடுகிறார்கள். பழைய குழலில் இருந்த பெயரை மறக்காமல் புதியதிலும் எழுதுகிறார்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டோம். "அவர்தானே முதல்ல போட்டாரு" என்றார் பூசாரி. அந்த ஒளியில் நின்றுதான் இந்தப் பொங்கலுக்கும் பிள்ளைகள் கபடி நோட்டீஸுக்குப் பெயர் எழுதினார்கள். சாப்பாட்டு உபயம் இவ்வாண்டு திரும்பி வந்திருந்தது.